மனநலக் காப்பகம் மூடப்படும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலப் பாதிப்பு உள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் ஓர் இல்லம் மூடப்படும்போது உறவினர்களும் ஊழியர்களும் நிர்வாகத்தினரும் எங்களிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் எங்கே சறுக்கும் என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

மூடப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

பதற்றத்தில் அன்றைக்கே போய் ஆளைக் கூட்டிவந்துவிடாதீர்கள். கடிதத்தில் நான்கு விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: முடிவெடுத்தது யார், காரணம் என்ன, கடைசி நாள் எது, புதிய இடம் தேடித் தரும் பொறுப்பு யாருடையது. நான்காவது பெரும்பாலும் இருக்காது. அந்த வாரத்துக்குள்ளேயே எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டது எங்கும் நிற்காது.

அதே கடிதத்தில் இன்னும் நான்கைக் கேட்டு வாங்குங்கள்: இப்போதைய மருந்துச்சீட்டின் நகல், கடைசியாக ஊசி போட்ட தேதியும் அடுத்த தேதியும், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, அடையாள ஆவணங்களும் வங்கிப் புத்தகமும் யார் கையில் இருக்கின்றன என்ற தகவல். மூடும் வேலை சூடுபிடித்த பிறகு இவற்றைத் தேடி எடுத்துத் தர அலுவலகத்தில் ஆள் இருக்காது.

எதற்காக மூடுகிறார்கள் என்பது நமக்கு முக்கியமா?

முக்கியம். எவ்வளவு நாள் கிடைக்கும் என்பதைக் காரணம்தான் தீர்மானிக்கிறது. பெரிய இல்லங்களைக் குறைத்துச் சமூகத்துக்குள் வாழவைக்க வேண்டும் என்ற கொள்கை முடிவென்றால் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருக்கும். உரிமம் ரத்து, கட்டடத்தில் ஆபத்து என்றால் நாட்கள்தான்.

பணத் தட்டுப்பாட்டால் மூடுவது வேறு மாதிரி ஆபத்து. இருபது பேர் இருக்கும் இல்லத்தில் பத்துப் பேர் போய்விட்டாலும் இரவுப் பணியாளர், சமையல், வாடகை, மின்சாரம் எதுவும் பாதியாகாது. கடைசி இரண்டு மாதங்களில்தான் தலைக்கு ஆகும் செலவு உச்சத்துக்குப் போகும்; வருமானமோ அப்போது அடிமட்டத்தில் இருக்கும். இதைக் கணக்கில் எடுக்காத நிர்வாகம் கடைசியில் மிஞ்சியிருக்கும் ஐந்தாறு பேரை அவசர அவசரமாக எங்காவது தள்ளிவிடும். அந்த ஐந்தாறு பேர் யார்? எந்த இடமும் ஏற்கத் தயங்கிய, மிகக் கடினமான நிலையில் உள்ளவர்கள். எனவே கடைசிக் கட்டத்துக்கான பணம் முதல் நாளே தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

எவ்வளவு காலம் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும்?

இருபது பேர் உள்ள இல்லத்துக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு நியாயமான காலம் என்பது எங்கள் கணிப்பு. மூன்று மாதத்துக்குக் கீழே போனால் எங்கோ குறுக்குவழி எடுக்கிறார்கள் என்று பொருள். வேகத்தை நிர்ணயிக்க வேண்டியது அனுப்பும் இடத்தின் அவசரம் ஆகாது. ஏற்கும் இடத்தின் தெம்பு. மூன்று படுக்கை காலியாக இருக்கும் வீடு ஒரே நாளில் மூன்று புதியவர்களைத் தாங்காது. ஒருவர் வந்து, தூக்கமும் சாப்பாடும் சீராகி, அவரைப் பற்றி அங்குள்ளவர்களுக்குக் கொஞ்சம் புரிய இரண்டு வாரமாவது ஆகும். பிறகுதான் அடுத்தவர்.

இடம் மாற்றினாலே இவர்கள் நிலை கெட்டுவிடும் என்கிறார்களே?

எப்படி மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு எதிரெதிர் உதாரணங்கள் உண்டு.

வடக்கு லண்டனில் ஃப்ரையர்ன், கிளேபரி என்ற இரண்டு பெரிய மனநல மருத்துவமனைகளை மூடப்போவதாக 1983இல் அறிவித்தார்கள். ஃப்ரையர்ன் மூடப்பட்டது 1993இல். இரண்டு மருத்துவமனைகளிலிருந்தும் வெளியேறிய நீண்டகால நோயாளிகளை, ஏறத்தாழ எழுநூறு பேரை, மனநல மருத்துவர் ஜூலியன் லெஃப் தலைமையிலான குழு ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தது. நோய் அறிகுறிகள் பெரிதாகக் குறையவில்லை, கூடவும் இல்லை. ஆனால் பழகும் ஆட்கள் கூடினார்கள், சுதந்திரம் கூடியது, பெரும்பாலோர் பழைய இடத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. தெருவுக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. ஏற்கும் வீடுகளை முன்கூட்டியே தயார் செய்து, பணத்தையும் ஆளோடு கூடவே அனுப்பினார்கள்.

அடுத்தது தென்னாப்பிரிக்கா. கௌடெங் மாகாண சுகாதாரத் துறை நீண்டகால மனநோயாளிகளைப் பராமரித்த தனியார் நிறுவனமான லைஃப் எசிடிமேனியுடன் இருந்த ஒப்பந்தத்தை 2015இல் முறித்தது. செலவைக் குறைக்கிறோம், சமூகப் பராமரிப்புக்கு மாற்றுகிறோம் என்றார்கள். 2016இல் சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அள்ளிக்கொண்டுபோய்த் தொண்டு நிறுவனங்களில் விட்டார்கள். 144 பேர் இறந்தார்கள். விசாரித்த சுகாதாரக் குறைதீர்ப்பாளர், 27 தொண்டு நிறுவனங்களும் செல்லாத உரிமத்தோடு இயங்கியதாகச் சொன்னார். போதிய உணவில்லை, மருந்தில்லை, பலருக்குக் கோப்பே கூடப் போகவில்லை. பிறகு முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மோசெனெக்கே தலைமையில் நடுவர் விசாரணை நடந்து 2018இல் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்க உத்தரவானது.

இரண்டு இடத்திலும் சொல்லப்பட்ட கொள்கை ஒன்றே. அதனால்தான் கொள்கையைக் கேட்டுத் திருப்தியடையாமல், ஏற்கும் இடத்தின் பெயரையும் உரிமத்தையும் இரவுப் பணியாளர் எண்ணிக்கையையும் கேட்கச் சொல்கிறோம்.

யார் எங்கே போகலாம் என்பதை எப்படி முடிவு செய்வது?

தனி வீட்டில் அவ்வப்போது வந்து பார்க்கும் உதவி, நாலைந்து பேர் சேர்ந்து வாழும் சிறு வீடு, முழுநேரப் பணியாளர் உள்ள இல்லம், உடல் பராமரிப்பு அதிகம் தேவைப்படும் முதியவர்களுக்கான செவிலியர் இல்லம், குடும்பம் என்று வழிகள் உண்டு. மருத்துவமனை வசிப்பிடம் ஆகாது. "தற்காலிகமாக" அங்கே அனுப்பப்படுபவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள்.

ஒரு மணி நேரத்தில் படிவம் நிரப்பி மதிப்பிடுவதை ஏற்காதீர்கள். ஏழு நாள், இரவும் சேர்த்துக் கவனித்து எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஏமாற வாய்ப்புண்டு. இல்லத்தில் அடுப்புப் பக்கமே விடாததால், சமைக்கவே தெரியாதவர் போலத் தெரிபவர் உண்மையில் நன்றாகச் சமைப்பார். மறுபக்கம், "மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறார்" என்று எழுதப்பட்டவர், மணி அடித்து வரிசையில் நிற்கவைப்பதால்தான் போட்டுக்கொள்கிறார். மணி இல்லாத வீட்டில் மூன்றாம் நாளே நின்றுவிடும்.

வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாமா?

வரலாம், பலருக்கு நன்றாகவும் போகும். ஆனால் மூன்று கேள்விக்கு விடை வேண்டும். இரவில் எழுந்தால் யார் கூட இருப்பார்? பார்த்துக்கொள்பவர் படுத்துவிட்டால் அடுத்தவர் யார்? முதலில் வீட்டைவிட்டுப் போனதற்கான காரணம் இப்போதும் இருக்கிறதா? ஒரு பகல், ஓர் இரவு, இரண்டு இரவு, ஒரு வாரம் என்று படிப்படியாகச் சோதித்துப் பாருங்கள். அந்தக் காலம் முழுவதும் இல்லத்துப் படுக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்வதில் குற்ற உணர்வு தேவையில்லை. எழுபது வயதுத் தாயின் தலையில் இதைக் கட்டுவது ஏற்பாடு ஆகாது.

புதிய இல்லத்தைப் பார்க்கப் போகிறோம். எதைக் கவனிப்பது?

உரிமத்தின் மூலப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை படுக்கைக்கு அனுமதி என்று அதில் இருக்கும். பிறகு அறைகளைச் சுற்றிவரும்போது படுக்கைகளை எண்ணுங்கள். தரையில் சுருட்டிவைத்த பாய்களும் கணக்கில் சேரும்.

ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு முறை சொல்லாமல் மாலை ஏழு மணிக்கு மேல் போங்கள். பகலில் எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் இரவில் ஒரே ஒருவர் இருப்பார். அவருக்கு மருந்து கொடுக்கும் பயிற்சி உண்டா, வலிப்பு வந்தால் யாரை அழைப்பார் என்று அவரிடமே கேளுங்கள். அறைக் கதவுகளில் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் இருந்தால், தீப்பிடித்தால் திறப்பது யார் என்று கேளுங்கள். சங்கிலி, கட்டிவைக்கும் துணி ஏதாவது கண்ணில் பட்டால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, திரும்பிவிடலாம்.

மருந்துப் பதிவேட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் கையெழுத்து இருக்க வேண்டும். நாளைய தேதிக்கும் கையெழுத்துப் போட்டிருந்தால் சிரிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். கடைசியாக, அங்கே வசிக்கும் ஒருவரிடம் பணியாளர் இல்லாமல் ஐந்து நிமிடம் பேசுங்கள். அதற்கு அனுமதி மறுப்பதே ஒரு பதில்தான்.

மருந்து விஷயத்தில் என்னென்ன தவறும்?

இடமாற்றத்தில் உயிருக்கே ஆபத்தாக முடிபவற்றில் முன்னணியில் இருப்பது இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

*க்ளோசபின்.* மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுப்பது. இரண்டு நாளுக்கு மேல், அதாவது 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே திரும்பக் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். 12.5 மில்லிகிராமில் தொடங்கி மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாற்றி, மாத்திரைப் பெட்டி தவறிப்போய், திங்கட்கிழமை கண்டுபிடித்து "விட்டதைக் கொடுத்துவிடலாம்" என்று முழு அளவைக் கொடுப்பது நடக்கக்கூடிய விபத்து. ரத்த வெள்ளணுப் பரிசோதனை அடுத்து எப்போது என்பதும் கூடவே போக வேண்டும்.

இதே மருந்தில் பலர் அறியாத சிக்கல் புகைப்பழக்கம். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி மருந்தை வேகமாகக் கரைக்கும். தினமும் ஒரு பாக்கெட் புகைத்தவர் புகைக்க அனுமதியில்லாத வீட்டுக்குப் போனால், அளவு மாறாமலே ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் மருந்து கணிசமாக ஏறும். அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில் வடிதல், தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். தூண்டுவது புகையே தவிர நிகோடின் இல்லை; அதனால் நிகோடின் பட்டை ஒட்டினாலும் இது மாறாது. புகைப்பழக்கம் மாறப்போகிறதா என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். க்ளோசபின் எடுப்பவருக்கு மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். குடல் இயக்கமே நின்று உயிர் போயிருக்கிறது.

*லித்தியம்.* மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து. உடலில் தண்ணீர் குறைந்தாலும் வயிற்றுப்போக்கு வந்தாலும் ரத்தத்தில் ஏறிவிடும். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஏற்றும். புது இடத்தில் மூட்டு வலி என்றதும் ஆளாளுக்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள். கை பலமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாறுவதற்கு முந்தைய வாரம் ஒரு ரத்த அளவு பார்த்துவிடுவது நல்லது. கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணுக்குப் பொருளில்லை.

*நீண்டநாள் வேலை செய்யும் ஊசிகள்.* பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுபவை. மாத்திரைப் பட்டியலில் இவை இடம்பெறாததால் விட்டுப்போகும். விட்ட வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து நோய் திரும்பும்போது "புது இடம் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள்; ஊசி நின்றது யாருக்கும் நினைவிருக்காது.

*தூக்க மாத்திரைகள், வலிப்பு மருந்துகள்.* லோராசெபாம், குளோனசெபாம் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் எடுத்தவருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். "இங்கே தூக்க மாத்திரை கொடுப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்லும் இல்லத்திடம் இதை எழுத்தில் கொடுங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: புதியவர் அமைதியில்லாமல் நடமாடுகிறார் என்று கூடுதலாக மயக்க மருந்து கொடுப்பது. விழுந்து இடுப்பு முறிவதும் சாப்பாடு மூச்சுக்குழாயில் போவதும் அப்போதுதான்.

இருபத்தெட்டு நாளுக்கான மருந்தை, செல்லுபடியாகும் சீட்டோடு கையில் கொடுத்து அனுப்புங்கள். புதிய மருத்துவரின் முதல் சந்திப்பு "அடுத்த வாரம்" என்றால் மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்புக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

மருத்துவக் கோப்பு தனி. அதற்கு மேல் ஒரே ஒரு தாளில், இரவுப் பணியாளர் இரண்டு நிமிடத்தில் படிக்கும்படி, இந்த மனிதரைப் பற்றி எழுதுங்கள்: என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், ஒவ்வாமை, உணவு விழுங்குவதில் சிரமம் உண்டா, எந்தப் பதத்தில் கொடுக்க வேண்டும், இரவில் எத்தனை முறை எழுவார், வெளியே நடந்துபோய்விடுவாரா, போனால் எங்கே போவார், நிலை கெடுவதற்கு முன் முதலில் மாறுவது எது, அப்போது எது அமைதிப்படுத்தும், எது தூண்டும். "குளிக்க மறுப்பார்" என்பது குறிப்பு ஆகாது. "தலையில் தண்ணீர் ஊற்றினால் அடிப்பார், குவளையைக் கையில் கொடுத்தால் தானே குளிப்பார்" என்பதே குறிப்பு.

இதை மருத்துவர் எழுத முடியாது. பத்தாண்டாகக் கூட இருக்கும் உதவியாளர் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். அந்த உதவியாளர்தான் மூடப்போவது தெரிந்ததும் முதலில் வேறு வேலை தேடிப் போவார் என்பதால் அறிவிப்பு வந்த மாதத்திலேயே எழுதிவிடுங்கள்.

இல்லவாசிகளிடம் எப்போது சொல்வது?

உறவினர்களுக்குச் சொல்லும் அதே நாளில். ரகசியம் நிற்காது, சமையலறை வழியாகப் போய்விடும். சிறு குழுவாக, பழகிய பணியாளர் மூலம், சுருக்கமாகச் சொல்லி, அதையே பல நாள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பேச்சு குறைந்தவர்களுக்குப் புது வீட்டின் படங்கள் உதவும். "ஊர் சுற்றப் போகிறோம்" என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றுவதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறமாட்டார், மருத்துவமனைக்குப் போகும் வண்டியிலும்.

யாரோடு யார் இருப்பார் என்பதையும் கேளுங்கள். இருபது ஆண்டு பக்கத்துக் கட்டிலில் படுத்த இருவர் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமலே நண்பர்களாக இருப்பார்கள். அவர்களைப் பிரித்த பிறகுதான் தெரியவரும்.

வரமாட்டேன் என்று மறுத்தால்?

காரணம் பெரும்பாலும் குறிப்பான ஒன்றாக இருக்கும்: அங்கே நாய் இருக்கிறது, அறையில் ஜன்னல் இல்லை, தன் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கேட்டால் பாதி தீர்ந்துவிடும். முடிவெடுக்கும் திறன் உள்ளவரின் மறுப்பை மீறக் கூடாது. திறனில் சந்தேகம் இருந்தால் உங்கள் நாட்டுச் சட்டப்படி அதை முறையாக மதிப்பிட்டு, இல்லத்தோடு தொடர்பில்லாத ஒருவரை அவருக்காகப் பேச வைக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து இடம் மாற்றுவது பராமரிப்பில் சேராது.

மாறும் நாளை எப்படி அமைப்பது?

செவ்வாய் அல்லது புதன், காலையில். வார இறுதிக்கும் விடுமுறைக்கும் முன்னால் வேண்டாம். அதற்கு முன் இரண்டு மூன்று முறையாவது அங்கே போய்ச் சாப்பிட்டு, ஓர் இரவு தங்கி வந்திருக்க வேண்டும். பழகிய பணியாளர் ஒருவர் கூடப் போய் இரவு மருந்து கொடுக்கும்வரை இருக்க வேண்டும். உடைமைகளைப் பெட்டியில் அடுக்கிப் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். குப்பைப் பையில் கட்டிக் கொடுப்பது அவருக்கு என்ன சொல்லும் என்று நினைத்துப் பாருங்கள். கிளம்பும் முன் எடை பார்த்து எழுதுங்கள், புதிய ஒளிப்படம் ஒன்று எடுங்கள்.

போன பிறகு எப்போதெல்லாம் விசாரிப்பது?

முதல் நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். முதல் ஒரு வாரத்துக்குள் ஒரு முறையாவது நேரில், மற்றதில் சில தொலைபேசியில். எடையைக் கேளுங்கள், "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்ற பதிலைவிட அது நம்பத்தக்கது. ஒரு மாதத்தில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காணாமல்போவது முதல் இரண்டு வாரத்தில் அதிகம். சத்தம் போடுபவரைப் பற்றித் தகவல் தானாக வரும். ஓசையில்லாமல் படுத்தே கிடப்பவரை நீங்கள்தான் கேட்டு அறிய வேண்டும்.

பணம், உதவித்தொகை?

இல்லத்தின் பொறுப்பில் இருந்த பணத்துக்கு ஆள்வாரியாகக் கணக்கு முடித்து, மீதத்தை அவர் பெயருக்கு மாற்றி, ரசீது தர வேண்டும். எல்லாருடைய பணமும் ஒரே கணக்கில் இருந்தால் தணிக்கை கேளுங்கள். உதவித்தொகைக்கான முகவரி மாற்றத்தை மாறுவதற்கு முன்பே கொடுங்கள்.

ஊழியர்கள் பாதியிலேயே போய்விடுகிறார்களே?

போகத்தான் செய்வார்கள், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. கடைசி நாள்வரை இருப்பவருக்கு ஊக்கத்தொகை தருவதாக முதல் மாதமே எழுத்தில் கொடுத்தால் பாதிப் பேர் நிற்பார்கள். புதிய இடங்களில் அவர்களுக்கே வேலை கிடைக்கச் செய்வது எல்லாவற்றிலும் சிறந்தது: தெரிந்த முகம் ஒன்று கூடவே போகும். இரவுப் பணியில் ஆள் குறைந்தால் வெளியேற்றத்தை வேகப்படுத்தாமல் தற்காலிகப் பணியாளரைப் போடுங்கள்.

இரண்டு நாளில் காலி செய்ய உத்தரவு வந்துவிட்டது. இப்போது?

எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை. ஆளுக்கு ஒரு தாள், மருந்து, அடையாள ஆவணம், கையில் பெயர்ப்பட்டை. இந்த நான்கும் இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. யார், எந்த வண்டியில், எந்த இடத்துக்கு, யார் கையெழுத்திட்டு ஏற்றார் என்று ஒரே பதிவேட்டில் ஒருவரே எழுதட்டும். க்ளோசபின், லித்தியம், இன்சுலின், வலிப்பு மருந்து எடுப்பவர்களை முதலில் பிரித்து, மருத்துவ வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். இது தற்காலிகம் என்று அறிவித்து, நிரந்தர இடத்துக்கான மதிப்பீட்டைப் பிறகு நிதானமாகத் தொடங்குங்கள்.

மூடவே கூடாது என்று எதிர்க்கலாமா?

தாராளமாக. ஆனால் மோசமான இல்லத்தைக் காப்பாற்றப் போராடுகிறோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாலியில் மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா முன்னின்ற சீர்திருத்தத்தால் 1978இல் 180ஆம் எண் சட்டம் வந்து, மனநல மருத்துவமனைகளில் புதிதாக ஆள் சேர்ப்பது நின்றது. திரியெஸ்டே நகரில் அதற்கு ஈடாக இருபத்துநான்கு மணி நேர மையங்கள் அமைந்தன. அவ்வாறு அமையாத பகுதிகளில் சுமை குடும்பங்கள் மேல் விழுந்தது. ஆகவே "மூடாதே" என்பதைவிட "மாற்று இடம் இயங்கத் தொடங்கும்வரை ஒரு படுக்கையையும் குறைக்காதே" என்ற கோரிக்கைக்குப் பலம் அதிகம். அதை நீதிமன்றமும் புரிந்துகொள்ளும், அதிகாரியாலும் எளிதில் மறுக்க முடியாது.

கடைசி ஆள் போன பிறகு என்ன வேலை இருக்கிறது?

மிஞ்சிய மருந்துகளை எண்ணிப் பதிவு செய்து முறைப்படி அழிக்க வேண்டும், ஆக்சிஜன் உருளைகளைத் திருப்ப வேண்டும், கோப்புகளைச் சட்டம் சொல்லும் காலம்வரை வைத்திருக்கப்போவது யார் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். பழைய தொலைபேசி எண்ணை ஓர் ஆண்டாவது உயிரோடு வைத்திருங்கள். வாசல் காவலரிடம் எல்லாருடைய படமும் புதிய முகவரியும் உள்ள பட்டியலைக் கொடுங்கள். அங்கே பல ஆண்டு வாழ்ந்த யாராவது ஒருவர், பூட்டிய கதவுக்கு முன்னால் என்றாவது ஒரு நாள் வந்து நிற்பார்.